நூலகத்துப் பழைய போட்டோக்களை நெட்டில் போட்டு விவரம் கேட்கலாமா?

பாலக்கோட்டு வாசகன்:
எங்கள் கிளை நூலகத்து பீரோவில் ஒரு கட்டுப் பழைய போட்டோ இருக்கிறது. எல்லாம் அட்டையில் ஒட்டின கறுப்பு வெள்ளைப் படங்கள். பள்ளிக்கூட ஆண்டு விழா, மாட்டுச் சந்தை, ஏதோ அணைக்கட்டு வேலை, அப்புறம் ஒரு குட்டி ரயில் எஞ்சின் பக்கத்தில் தலைப்பாகை கட்டின நாலைந்து பேர். பாதிப் படங்களுக்குப் பின்னால் ஒரு எழுத்தும் இல்லை. ஃபேஸ்புக்கில் போட்டால் ஊர்ப் பெருசுங்க அடையாளம் சொல்லிவிடுவார்கள் என்று வாசகர் வட்டத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர், கமெண்டில் சாதிச் சண்டைதான் வரும், படத்தையும் ஆளாளுக்குத் தூக்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்வான் என்கிறார்கள். நூலகருக்கு விருப்பம்தான், ஆனால் காப்புரிமை என்றால் பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

பழையபேட்டை:
தாராளமாகப் போடுங்க. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸே இதைச் செய்தது. 2008 ஜனவரியில் ஃப்ளிக்கர் என்ற போட்டோ தளத்தில் சுமார் 3,000 படங்களை ஏற்றி, தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று ஜனங்களிடம் விட்டார்கள். அந்த அக்டோபருக்குள் 7,166 கமெண்ட். "ஆஹா, அருமை" ரகமும் அதில் உண்டு. ஆனால் பழைய பத்திரிகைச் செய்தியைத் தேடிப் பிடித்து, இது இன்ன ஊர், இன்ன ஆள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஊழியர்கள் அதைச் சரிபார்த்து 500க்கும் மேற்பட்ட படங்களின் கேட்டலாக் குறிப்பைத் திருத்தினார்கள். இந்தக் கடைசி வேலைக்கு உங்களிடம் ஆள் இருக்கிறதா, அதை முதலில் பாருங்கள். கமெண்டைப் படித்து, விசாரித்து, நூலகப் பதிவேட்டில் எழுத ஒருத்தர் வேண்டும். இல்லையென்றால் நாலு நாள் லைக் வாங்கிவிட்டு எல்லாம் கீழே போய்விடும், அடுத்த வருஷம் தேடினாலும் கிடைக்காது.

மொரப்பூர் மெயில்:
அந்த எஞ்சின் படத்தை முதலில் போடுங்க சார், ப்ளீஸ்! மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் நேரோகேஜ் (குறுகிய தண்டவாள) ரயில் வந்தது, 1913இல் ஓசூர் வரைக்கும் நீட்டினார்கள், 1941இல் மூடிவிட்டார்கள். அந்தப் பாதை என்றால் படம் 1941க்கு முந்தினது. ஆனால் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி என்று இன்னொரு குட்டிப் பாதையும் இருந்தது, அதனால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீங்க. எஞ்சினில் நம்பர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்குத்தான் சொல்கிறேன், செல்லில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பர் குழைந்து போய்விடும், ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து எடுங்க. பின்பக்கத்தையும், அட்டையில் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதையும் சேர்த்து. பெயர்ப்பலகை ஏதாவது தெரிந்தால் அதையும் பெரிதாக்கிப் பாருங்க. "சேலம் ஜில்லா" என்று இருந்தால் அநேகமாக 1965க்கு முந்தினது, அந்த வருஷம் அக்டோபரில்தான் நம்ம தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது.

ஓய்வுபெற்ற நூலகன்:
தம்பி, அரசு நூலகச் சொத்து என்பதால் மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தை பிற்பாடு உதவாது. 1958க்கு முன் அச்சில் வெளியான படங்களுக்கு இங்கே காப்புரிமை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவை, எதிலும் வெளியாகாத வீட்டுப் படங்கள், இவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். படம் நம் பீரோவில் இருக்கிறது என்பதாலேயே உரிமை நம்முடையது ஆகிவிடாது. எவனாவது எடுத்துக்கொண்டு போவான் என்ற பயத்தில் படத்துக்கு நடுவே பெரிதாக நூலகப் பெயரை அடிக்க வேண்டாம், அடையாளம் சொல்ல வேண்டிய முகமே மறைந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் கொடுத்து, பின்னால் ஓரத்தில் பென்சிலால் லேசாக எழுதுங்கள். பால்பாயிண்ட் மட்டும் கூடவே கூடாது.

சாதிச் சண்டைக்குப் பயந்தால் கேள்வியை மாற்றுங்கள். "இவர்கள் யார்?" என்று கேட்காமல், "இந்தக் கட்டடம் எந்தத் தெரு, பின்னால் தெரிவது எந்த மலை?" என்று கேளுங்கள், பெயர் தன்னால் வரும். பெயர் சொல்கிறவரிடம் எப்படித் தெரியும் என்று கேட்டுப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் ரோடு:
பெருசுங்க ஃபேஸ்புக்கில் இருப்பார்கள் என்று யார் சொன்னது? எங்கள் பக்கத்துத் தாத்தா பாட்டிகள் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, கன்னடம்தான் பேசுவார்கள், டைப் பண்ணச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். பிரிண்ட் எடுத்து, காலையில் பேப்பர் படிக்க வருகிறவர்களிடம் காட்டுங்க. சொல்கிறதை ஃபோனில் ரெக்கார்ட் பண்ணி, யாராவது பேரப்பிள்ளையைப் பிடித்துத் தமிழில் கமெண்டாகப் போடச் சொல்லலாம்.

பாலக்கோட்டு வாசகன்:
எல்லோருக்கும் நன்றி. முதலில் பத்துப் படம் மட்டும், எஞ்சின் படத்தோடு தொடங்குகிறோம். பதிவேட்டை வாசகர் வட்டத்தில் ஒரு டீச்சரம்மா ஏற்றுக்கொண்டார். இன்னொரு சந்தேகம், ஒரு படத்தில் இறந்துபோன பெரியவரை மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து எடுத்திருக்கிறார்கள், சுற்றிலும் குடும்பம். அதையும் போடலாமா?

ஓய்வுபெற்ற நூலகன்:
வேண்டாம் தம்பி. ஸ்கேன் மட்டும் எடுத்து வையுங்கள். ஸ்டுடியோ பெயர் இருந்தால் அதை வைத்து ஊரில் விசாரியுங்கள், வீட்டார் கிடைத்தால் அவர்களுக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு, போடலாமா என்று அவர்களையே கேளுங்கள்.