தேதி சொல்லாமல் பின்னிய பரிசுகள்

அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும் வீட்டில் எல்லாரும் ஊசியும் நூலுமாகப் பின்னிக்கொண்டிருக்கும் என் பக்கம்தான் திரும்பினார்கள். ஸ்வெட்டர், தொப்பி, சாக்ஸ், போர்வை என்று அவர்களே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள். "ஒரு ஸ்வெட்டர் கண்டிப்பாக வரும், எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள்" என்று அப்போதே சொல்லிவிட்டேன். அண்ணிக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வாக்கியம்தான் அடுத்த சில மாதங்களை எனக்கு இனிமையாக்கியது.

குழந்தை பிறக்கும் நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்று நம்மில் பலர் தவிக்கிறோம். உண்மையில் அதற்கு அவசியமே இல்லை. பிறந்த குழந்தையின் அளவில் பின்னினால் சில வாரங்களில் அது பத்தாமல் போய்விடும். நான் 6 முதல் 12 மாதக் குழந்தைக்கான அளவில் பின்னினேன். பிரசவத் தேதி எனக்குக் கெடுவாகவே இல்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: குழந்தைக்கு அந்த அளவு சரியாக வரும் மாதத்தில் வெயிலா, குளிரா? அதை எண்ணிப் பார்த்து, அதற்கேற்ற கனத்தில் நூல் எடுத்தேன்.

குழந்தைக்கு என்பதால் இன்னும் சிலவற்றில் கறாராக இருந்தேன். மோஹேர் போல இழை பறக்கிற நூல் வேண்டாம், வாயிலும் மூக்கிலும் போகும். குட்டி விரல் மாட்டிக்கொள்கிற பெரிய ஓட்டை டிசைன் வேண்டாம். பொத்தான் வைத்தால் பிடித்து இழுத்தாலும் வராதபடி தைக்க வேண்டும். போர்வை கேட்டவர்களிடம், குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை அது தூங்கும் படுக்கையில் தளர்வான துணி எதையும் போடக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதை எடுத்துச் சொன்னேன். யாரும் வருத்தப்படவில்லை. பின்னுகிற உங்களுக்கெல்லாம் எப்படி? ஆளுக்கொன்றாகக் கீழே எழுதுங்கள்.

* * *

உங்கள் அண்ணி முகம் சுருங்கியதைப் படித்ததும் என் வேலையிடத் தோழி ஞாபகம் வந்தாள். "பெரிதாக ஒன்றும் வேண்டாம், சும்மா ஒரு மஃப்ளர் போதும்" என்று கேட்டாள். பின்னத் தெரியாதவர்களுக்கு மஃப்ளர் என்றால் சுலபம், நேராகத்தானே போகிறது என்று தோன்றும். அவள் எதிரிலேயே ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கை இங்கேயும் போடுகிறேன், ஏனென்றால் என் பதற்றத்தைப் பாதியாகக் குறைத்தது இதுதான்.

10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 20 கண்ணி (ஊசியில் போடும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி), 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 28 வரிசை வருகிற நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் அகலம், 160 சென்டிமீட்டர் நீளத்தில் மஃப்ளர் என்றால் 40 கண்ணி, 448 வரிசை. மொத்தம் 17,920 கண்ணி. அதே நூலில் பெரியவர்களுக்கான தொப்பிக்குச் சுமார் 100 கண்ணி, 60 வரிசை. உச்சியில் கண்ணிகளைக் குறைப்பதைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் 6,000தான். அதாவது ஒரு மஃப்ளர் பின்னும் உழைப்பில் மூன்று தொப்பி வந்துவிடும்! மார்புச் சுற்றளவு 100, உயரம் 60 சென்டிமீட்டர் என்று ஸ்வெட்டர் எடுத்தால், கை இல்லாமல் உடம்புப் பகுதி மட்டுமே 33,600 கண்ணியைத் தொடும்.

அப்புறம் உங்கள் வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 20 கண்ணி போடுகிறவர் என்றால் தொப்பிக்கு 5 மணி நேரம், மஃப்ளருக்குக் கிட்டத்தட்ட 15 மணி நேரம். தினம் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் மஃப்ளர் ஒரு மாதம் இழுக்கும். நூல் முனைகளைச் செருகுவது, நனைத்து விரித்துக் காயவைப்பது எல்லாம் அதற்கு மேல்.

தோழி தாளைப் பார்த்துவிட்டு "அப்போ தொப்பியே போதும்" என்றாள். நான் விடவில்லை. அவளுக்கு வேண்டியது மஃப்ளர்தானே! 10 சென்டிமீட்டருக்கு 14 கண்ணி, 20 வரிசை வருகிற கனமான நூலை எடுத்தேன். அதே அளவு மஃப்ளர் 28 கண்ணி, 320 வரிசையில், 8,960 கண்ணியோடு முடிந்தது. நூல் கனம் கூடினால் வேலை பாதியாகிறது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது.

* * *

கணக்கு அருமை. நான் கேட்பது வேறு ஒரு கேள்வி: வாங்கிக்கொள்கிறவர் இதை எப்படித் துவைப்பார்?

அக்காவுக்கு ஆட்டுக் கம்பளி நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி ஒருவர் நல்லெண்ணத்தில் எல்லாத் துணியோடும் சேர்த்து வாஷிங் மெஷினில், வெந்நீரில் போட்டுவிட்டார். வெளியே எடுத்தபோது பத்து வயதுப் பிள்ளைக்குத்தான் அது சரியாக இருக்கும், அட்டை மாதிரி விறைப்பாக வேறு ஆகிவிட்டது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் உலுக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும், திரும்பப் பிரியாது. அக்கா போனில் அழுதாள். ஸ்வெட்டர் போனதைவிட அந்த அழுகைதான் என்னை உலுக்கியது. நான் கொடுத்த பொருள் அவளுக்கு ஒரு பயமாக மாறியிருந்தது.

அதிலிருந்து, பின்னத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுகிறேன். கையால் துவைப்பவர் என்றால் சாதாரணக் கம்பளி. மெஷின்தான் என்றால் சூப்பர்வாஷ் கம்பளியோ அக்ரிலிக்கோ. சூப்பர்வாஷில் செதில்கள் கொக்கி போடாதபடி இழையைப் பதப்படுத்தியிருப்பார்கள். ஆனால் நனைந்ததும் அது நீளும். அதனால் அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரித் துண்டைக் கட்டாயம் துவைத்துக் காயவைத்துத்தான் அளக்க வேண்டும். அக்ரிலிக் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, இழை உருகித் தொய்ந்துவிடும். இவை எல்லாவற்றையும் ஒரு சிறு சீட்டில் எழுதி, மிச்ச நூலில் கொஞ்சம் சுற்றி, பரிசோடு வைக்கிறேன். பின்னாளில் ஓட்டை விழுந்தால் அதே நூலால் சரிசெய்யலாம்.

* * *

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எனக்குத் தேதி இருந்தால்தான் கை ஓடும். சிநேகிதி கல்யாணத்துக்கு லேஸ் சால்வை பின்னியபோது ஒவ்வொரு வாரமும் எந்த வரிசை வரை வர வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்து, அதைத் தொடுவதில் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அவசரம் வேறு, உற்சாகம் வேறு.

அந்த உற்சாகம் கெடாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உயிர்க்கயிறு. சில வரிசைகளுக்கு ஒரு முறை எல்லாக் கண்ணிகளிலும் வேறு நிற மெல்லிய நூலைக் கோர்த்து விட்டுவிடுவேன். எங்காவது கண்ணி நழுவினால் அந்த இடம் வரை பிரித்தால் போதும், முழுவதும் போகாது. இன்னொன்று, நூலை முதலிலேயே தேவைக்கு ஓர் உருண்டை கூடுதலாக, ஒரே சாய எண்ணில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்குப் போடும் எண்) வாங்கிவிட்டேன். கடைசி வாரத்தில் நூல் தீர்ந்து, நிறம் பொருந்தாத உருண்டையோடு நிற்பது போன்ற கொடுமை வேறில்லை.

கை வலிக்கு மட்டும் நான் தேதியைப் பார்ப்பதில்லை. அரை மணிக்கு ஒரு தடவை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்குவேன். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

* * *

என்னிடம் ஒரு பெட்டி இருக்கிறது. யாருக்கு என்று முடிவு செய்யாமல், மனசுக்குப் பிடித்த நூல் கிடைக்கும்போதெல்லாம் தொப்பி பின்னி அதில் போடுவேன். பிறந்தநாள் வந்தால் பெட்டியைத் திறந்து, அந்த முகத்துக்கு எது பொருந்தும் என்று எடுப்பேன். தொப்பிக்கு அளவுச் சிக்கலும் அதிகம் இல்லை. தலைச் சுற்றளவைவிட 5 சென்டிமீட்டர் குறைவாகப் பின்னினால் இழுபட்டு நன்றாக உட்காரும்.

கொடுத்த பிறகு "போட்டாயா?" என்று கேட்பதை அடியோடு விட்டுவிட்டேன். பெரியம்மா நான் கொடுத்த சால்வையைப் போர்த்துவதே இல்லை, சோபாவின் கைப்பிடியில் விரித்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். அது அவர் பொருள், அவர் இஷ்டம். எனக்கு முழுச் சம்மதம்.

* * *

கடைசி நாளில் முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று யாரும் சொல்லவில்லையே! நான் அப்படியே கொடுத்திருக்கிறேன். நண்பனின் பிறந்தநாளன்று அவனுடைய ஸ்வெட்டரில் ஒரு கை முழங்கையோடு நின்றிருந்தது, இன்னொரு கை தொடங்கவே இல்லை. கண்ணிகளை நீளமான நூலில் மாற்றிக் கோர்த்து, ஊசியை எடுத்துவிட்டு, பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அங்கேயே போட்டுப் பார்த்தான். கை மணிக்கட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கட்டும், பாத்திரம் கழுவும்போது நனையாது என்றான். அது எந்தப் பேட்டர்னிலும் இல்லாத அளவு. கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுகிற ஸ்வெட்டர் என்றால் இப்படி இடையிடையே போட்டுப் பார்க்க வசதி, அதனால் பெரியவர்களுக்குப் பரிசாக நான் அந்த வகையை மட்டும்தான் எடுக்கிறேன். அடுத்தது என் மாமாவுக்கு. உடம்புப் பகுதி முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு நீளம் பார்க்கப் போகிறேன்.