பனிக்காலத்தில் பள்ளி திறக்கும் முன்: எங்கள் ஊர்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிறு

தலைமையாசிரியை, மாலை 4.12
அனைவருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறை முடிந்து நாளை திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மூன்றாம் பருவப் பாடநூல்களும் நோட்டுகளும் வந்து சேர்ந்துவிட்டன; நாளைக் காலை பிரேயர் முடிந்ததும் கொடுத்துவிடுவோம். எட்டாம் வகுப்புக்குப் பருவ முறை இல்லாததால் ஜூன் மாதம் வாங்கிய புத்தகங்களையே கொண்டு வர வேண்டும். நீலகிரிப் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு விடப்படும் உள்ளூர் விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி நடக்கும். அந்தச் சனிக்கிழமை எது என்பதை ஆட்சியரின் உத்தரவைப் பார்த்து இங்கே பதிவிடுகிறேன்.

தலைமையாசிரியை, மாலை 4.19
புத்தகச் செய்தியைவிட முக்கியமான ஒன்றை இப்போது எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஜனவரியில் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களின் வருகைப் பதிவேட்டை இன்று எடுத்துப் பார்த்தேன். ஒரு நாளும் விடாமல் வந்த பிள்ளைகள் பாதிப் பேர்கூட இல்லை. வராதவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று நாங்கள் அப்போது எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் அந்த வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்டபோது குளிர், பேருந்து, காலையில் பிள்ளையை எழுப்பி அனுப்ப வீட்டில் ஆள் இல்லாமை என்று மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வந்தன. இவை மூன்றையும் நாம் சேர்ந்து உட்கார்ந்தால் தீர்க்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை வர முடியாத நிலை இருந்தால், என்ன காரணம் என்பதை இன்றே இங்கே தயங்காமல் எழுதுங்கள்.

கீழூர் அம்மா (ஆறாம் வகுப்பு), மாலை 4.41
டீச்சர், வணக்கம். என் மகள் இந்தக் கல்வியாண்டில் ஒன்பது நாட்கள் வரவில்லை. நான் கேரட் அறுவடைக்குப் போகிறேன். இரவு இரண்டு மணிக்குள் பிக்கப் வண்டி வந்துவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கேரட்டைப் பிடுங்கினால்தான் விடிவதற்குள் மூட்டை கட்டிக் கழுவும் இயந்திரத்துக்கு அனுப்பி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு சரக்கு போய்ச் சேரும். நான் வீடு திரும்பக் காலை பத்து மணி ஆகிவிடும். அவள் அப்பா திருப்பூரில் இருக்கிறார். குழந்தை தனியாக எழுந்து, குளிரில் தண்ணீர் காய வைத்து, சாப்பிடாமல் கிளம்ப வேண்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் காலை உணவு கிடைத்தது, எனக்குக் கவலை இல்லாமல் இருந்தது. ஆறாம் வகுப்பு போனதும் அது நின்றுவிட்டது. பசியோடு போகத் தயங்கி அவள் போர்வைக்குள்ளேயே படுத்துவிடுகிறாள் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

சமையல் அக்கா (காலை உணவு), மாலை 4.58
அந்தக் குழந்தையை நான் நன்றாக அறிவேன். 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள். நான் காலை ஐந்தரை மணிக்கே வந்து அடுப்பு பற்ற வைத்துவிடுகிறேன். இந்த மாதத்தில் குழாயைத் திறந்தால் முதலில் தண்ணீர் வராது. கரண்டியால் தட்டித் தட்டி உள்ளிருக்கும் பனிக்கட்டியை உடைத்த பிறகே சொட்டத் தொடங்கும். எட்டரை மணிக்குப் பெரிய பிள்ளைகள் சிலர் சமையலறை வாசலில் வந்து நின்று கைகளைச் சூடுபடுத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. அதுதான் எனக்கு மிகவும் சங்கடமாக இருக்கிறது.

தலைமையாசிரியை, மாலை 5.06
அக்கா சொல்வது உண்மை. திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். இருப்புக் கணக்கு ஒவ்வொரு நாளும் பதிவாகிறது. அரசுப் பொருளில் ஒரு பிடி ரவையைக்கூட நான் மாற்றிச் செலவிட முடியாது, செலவிடவும் கூடாது.

மேலாண்மைக் குழுத் தலைவி, மாலை 5.15
அரசுப் பொருளைத் தொட வேண்டாம் டீச்சர். நம் வீடுகளில் ராகி இருக்கிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பசியோடு வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தோராயமாகத் தெரியும், இருபது பேரைத் தாண்டாது. வீட்டுக்கு ஒரு படி ராகி மாவு கொடுத்தால் ஜனவரியும் பிப்ரவரியும் ஓடிவிடும். தனிப் பாத்திரம், தனி விறகு, தனிக் கணக்கு நோட்டு வைத்துக்கொள்வோம். குழந்தைகளுக்குச் சூடான கஞ்சி ஒரு டம்ளர் கிடைத்தால் போதும். முதல் படியை நானே நாளைக் காலையில் கொண்டு வருகிறேன்.

சமையல் அக்கா, மாலை 5.18
சின்னப் பிள்ளைகளுக்கு உப்புமா இறக்கியதும் கஞ்சியை நான் காய்ச்சிக் கொடுக்கிறேன். அதற்கு எனக்குக் கூலி எதுவும் வேண்டாம்.

தலைமையாசிரியை, மாலை 5.24
மிக்க நன்றி. இது நம் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகப் பதிவாக வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் எழுதிக்கொள்வோம். நாளை முதல் கஞ்சி தொடங்கலாம்.

சத்துணவு அமைப்பாளர், மாலை 5.40
குழுவினருக்கு ஒரு தகவல். விடுமுறையில் கரடி வந்து சத்துணவு அறைக் கதவின் கீழ்ப்பலகையைப் பெயர்த்துவிட்டது. எண்ணெய் பாக்கெட்டுகளைக் கடித்துக் குடித்திருக்கிறது, பருப்பு மூட்டையையும் கிழித்திருக்கிறது. வனத்துறையினர் வந்து பார்த்துச் சென்றார்கள். எண்ணெயையும் பருப்பையும் இப்போது அலுவலக அறைக்கு மாற்றிவிட்டோம். எண்ணெய் வாசனை இல்லாவிட்டால் கரடி அந்தப் பக்கம் வருவது குறையும் என்பது எங்கள் அனுபவம். நாளை மதிய உணவும் முட்டையும் வழக்கம்போல் உண்டு. பிள்ளைகள் விடிவதற்கு முன் குறுக்குப் பாதையில் வர வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள்.

அறிவியல் ஆசிரியர், மாலை 5.57
பாதையைப் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே அளவு தண்ணீர் ஊற்றிய மூன்று எவர்சில்வர் டம்ளர்களை மாலையில் மூன்று இடங்களில் வைத்தார்கள்: ஒன்று ஓடைக்கரைப் பேருந்து நிறுத்தத்தில், ஒன்று பள்ளிப் படிக்கட்டில், மற்றொன்று கற்பூர மரத்தடியில். மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்து டம்ளரில் மட்டும் ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்குப் பனிக்கட்டி படர்ந்திருந்தது. மற்ற இரண்டிலும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் தண்ணீரைப் போல இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மரத்தின் கிளைகள் போர்வையாக இருந்து தரையின் வெப்பத்தை ஓரளவு காக்கின்றன. நம் ஊரிலேயே மிகவும் குளிரான இடத்தில்தான் நம் பிள்ளைகள் அரை மணி நேரம் நின்று பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று அந்த வகுப்பு மாணவி ஒருத்தி தன் நோட்டில் எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

மேலூர் தாத்தா, மாலை 6.10
ஐயா, அந்தப் பிள்ளை எழுதியது நூற்றுக்கு நூறு சரி. கேரட்டும் உருளைக்கிழங்கும் முதலில் கருகுவது அந்த ஓடைக்கரைத் தோட்டத்தில்தான்; மேட்டில் இருக்கும் பயிர் தப்பித்துவிடும். பிள்ளைகள் நாளை முதல் மாரியம்மன் கோயில் படியில் நிற்கட்டும். பேருந்து வளைவில் திரும்பும்போதே அங்கிருந்து விளக்கு தெரியும், இறங்கி வர நேரம் இருக்கும். ஓட்டுநரிடம் நான் சொல்லிவிடுகிறேன்.

மேலாண்மைக் குழுத் தலைவி, மாலை 6.16
நிறுத்தத்தையே கோயில் மேட்டுக்கு மாற்றிக் கூரை போட வேண்டும் என்று ஜனவரி 26 கிராம சபையில் கேட்போம். சத்துணவு அறைக்கு இரும்புக் கதவும் அதே மனுவில் சேரட்டும்.

மேலூர் தாத்தா, மாலை 6.22
அம்மா, கிராம சபையில் பேசிவிட்டு வந்தால் மட்டும் போதாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து ஆன பிறகு நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். நான் இரண்டு முறை பேசிவிட்டு வெறுங்கையோடு வந்தவன். இம்முறை ஊராட்சிச் செயலாளரிடம் மனுவை முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். காலையில் முதல் பேருந்து ஏழு இருபதுக்கு, அடுத்தது பத்து மணிக்கு என்று இருப்பதால், கீழூர்ப் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். எட்டரை மணிக்கு ஒரு நடை கேட்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

தலைமையாசிரியை, மாலை 6.31
எழுதுகிறோம் ஐயா. தொலைவிலிருந்து வரும் குழந்தைகளுக்குப் போக்குவரத்துப் படியும் வழித்துணையாளர் ஏற்பாடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உண்டு. கீழூர்ப் பிள்ளைகளின் பட்டியலை இந்த வாரமே வட்டார வள மையத்துக்கு அனுப்புகிறேன். கம்பளிச் சட்டை அளவு சரியில்லாதவர்கள் நாளை அதைத் துவைத்து எடுத்து வந்தால், பிள்ளைகளுக்குள்ளேயே மாற்றிக் கொடுத்துவிடலாம். பெரியவர்களாகிவிட்ட பிள்ளைகளின் பழைய கம்பளிச் சட்டைகளும் வரவேற்கப்படுகின்றன.

கணக்கு ஆசிரியர், மாலை 6.48
எட்டாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்குத் தினமும் மாலை ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்கிறேன். மனத்திறன் தேர்வு 90 வினாக்கள், படிப்பறிவுத் தேர்வு 90 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடங்கள். தேர்ச்சி பெற்றுத் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் கணக்கில் சோடை போவதில்லை. வினாத்தாளில் நேரம் போதாமல்தான் தவறவிடுகிறார்கள், அதற்கு ஒரே வழி தினமும் எழுதிப் பார்ப்பது. ஜனவரியில் பத்து நாட்கள் விட்டால் அந்தப் பத்து நாட்களை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஐந்தாம் வகுப்பு அப்பா, இரவு 7.20
ஆசிரியர்களுக்கு வணக்கம். மனதில் இருப்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். என் மகளை ஜூன் மாதம் ஊட்டியில் உள்ள தனியார் பள்ளியில் சேர்க்க யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் உழைப்பில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவள் ஆங்கிலம் பேசத் தயங்குகிறாள், அவள் வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. நாளைக்கு அவள் தனியாக நிற்கக் கூடாது என்கிற பயம்தான் எனக்கு.

கணக்கு ஆசிரியர், இரவு 7.34
அண்ணா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். முடிவெடுக்கும் முன் இரண்டு செய்திகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு பார்க்கிறார்கள். ஆறாம் வகுப்பில் பள்ளியை மாற்றுவதற்கு முன் இவற்றை எடை போட வேண்டும்.

தலைமையாசிரியை, இரவு 7.45
உங்கள் மகளின் ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஜூன் மாதம் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீட்டில் அவள் ஆங்கிலத்தில் அரும்பு என்னும் தொடக்க நிலையில் இருந்தாள்; அரையாண்டில் அதற்கு அடுத்த மொட்டு நிலைக்கு வந்துவிட்டாள். விடுமுறைக்கு முந்தைய நாள் என் மேசைக்கு வந்து, ஒரு பக்கக் கதையை விரல் வைத்துத் தானாகவே வாசித்தாள். வாசித்து முடித்ததும், இதை அப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், நானே வாசித்துக் காட்டுவேன் என்றாள். அவள் இன்னும் காட்டவில்லை என்றால், நான் இதை எழுதியதற்காக அவள் என் மீது கோபப்படுவாள். வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து ஒரு பாடவேளை வகுப்பில் உட்காருங்கள், அதன் பிறகு நீங்கள் எடுக்கும் எந்த முடிவையும் நான் மதிக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு அப்பா, இரவு 8.02
இல்லை டீச்சர், அவள் இன்னும் வாசித்துக் காட்டவில்லை. இப்போது கேட்க மாட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன்.

மேலாண்மைக் குழுத் தலைவி, இரவு 8.10
அண்ணா மட்டுமல்ல, மற்ற அப்பாக்களும் வர வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்கிறபடி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். அந்தப் பாதி தவறாமல் வருகிறது. தோட்ட வேலையை விட்டுவிட்டு நாங்கள் வருகிறோம் என்றால், மற்றப் பாதியும் மாதத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும்.

மேலூர் தாத்தா, இரவு 8.36
கீழூர் மகளுக்கு ஒரு சொல். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் நாங்கள். தலைமன்னாரில் கப்பலேறியபோது நான் ஆறாம் வகுப்பு. இங்கே வந்து தேயிலைத் தோட்டத்தில் இறங்கியவன், அதன் பிறகு பள்ளிக்கூடத்து வாசலை என் பிள்ளைகளைச் சேர்க்கத்தான் மிதித்தேன். உன் மகளும் ஆறாம் வகுப்பு என்று படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ வண்டி ஏறும்போது அவளை எழுப்ப வேண்டாம், தூங்கட்டும். ஆறரை மணிக்கு என் வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுவாள். எங்கள் வீட்டில் வெந்நீர் எப்போதும் அடுப்பில் இருக்கும். எங்கள் பேரனோடு சேர்த்து அவளையும் பேருந்து ஏற்றிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். இந்தக் குளிர்காலம் முடியும் வரை இது எங்கள் பொறுப்பு.

கீழூர் அம்மா, இரவு 8.51
ஐயா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. உங்களுக்கும் அம்மாவுக்கும் நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கீழூர் அம்மா, நள்ளிரவு 1.48
வண்டி வந்துவிட்டது. அவள் சீருடையையும் கம்பளிச் சட்டையையும் மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். கதவை வெளியே பூட்டிச் சாவியைக் கோயில் பக்கத்து ஜன்னல் மேல் வைத்திருக்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் ஐயா.

மேலூர் தாத்தா, காலை 6.34
சாவி கிடைத்தது. குழந்தை எழுந்துவிட்டாள்.