பத்து நிமிட நட்சத்திரம்: கிறிஸ்துமஸுக்காகப் பிள்ளைகளோடு செய்த காகித வேலைகள்

ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து ஒரு தாய்

டிசம்பரில் இங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. மருத்துவமனையில் காலை ஷிப்டு முடித்து, மகளை அழைத்துக்கொண்டு வீடு திரும்பும்போது தெருவெங்கும் சன்னல்களில் நட்சத்திரங்கள் ஒளிர்ந்துகொண்டிருக்கும். "நம் சன்னல் மட்டும் ஏன் அம்மா இருட்டாக இருக்கிறது?" என்று போன ஆண்டு ஆறு வயதுக்காரி கேட்டாள். மனம் பொறுக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் வழி காட்டினார். ஜெர்மானியர்கள் ரொட்டி மடித்துக் கொடுத்தனுப்பும் மெல்லிய காகிதப் பைகள் மளிகைக் கடையில் கட்டாகக் கிடைக்கும். ஒரு நட்சத்திரத்துக்கு ஏழு அல்லது எட்டுப் பைகள் போதும். பையின் மூடிய அடிப்பக்கம் நம்மை நோக்கி இருக்கட்டும். அந்த அடி ஓரம் முழுக்க ஒரு கோடு, அதன் நடுவிலிருந்து வாய்ப்பக்கம் வரை ஒரு கோடு; தலைகீழான 'T' வடிவத்தில் பசை தடவ வேண்டும். அதன்மேல் அடுத்த பையை அதே திசையில் ஒட்டி, மறுபடி பசை. எல்லாம் ஒட்டியபின் திறந்த வாய்ப்பக்கத்தை பென்சில் முனைபோல வெட்டிவிட்டு, முதல் பையையும் கடைசிப் பையையும் பிடித்து விரித்துச் சுற்றிக் கொண்டுவந்து ஒன்றோடொன்று இணைக்க வேண்டும்.

அந்த ஒரு நொடியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தட்டையாகக் கிடந்த காகித அடுக்கு மயில் தோகையைப்போல விரிந்தபோது மகள் மூச்சை உள்ளிழுத்தது எனக்குக் கேட்டது. "இன்னொன்று, அம்மா!" என்றாள். எனக்கோ கால் வலி. ஆனால் மொத்த வேலையும் பத்து நிமிடம்தான் என்பதால் மறுக்க மனம் வரவில்லை. இரண்டாவது நட்சத்திரத்தில் பக்கவாட்டில் சிறு முக்கோணங்களை அவளே வெட்டினாள்.

ஒரு வேண்டுகோள்: உள்ளே வெளிச்சம் வேண்டுமானால் பேட்டரியில் எரியும் எல்இடி சரம் மட்டும் வையுங்கள். மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

நாகர்கோவிலிலிருந்து

அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்த அன்றிரவே செய்து பார்த்தேன். ரொட்டிப் பைக்கு எங்கே போவது? மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தரும் பழுப்புக் காகித உறைகள் அலமாரியில் ஒரு கட்டு சேர்ந்திருந்தன. எட்டு போதவில்லை, பன்னிரண்டு வைத்தபோதுதான் வட்டம் மூடியது. உள்ளங்கை அகலத்தில் அழகான நட்சத்திரம். கிறிஸ்துமஸ் குடிலின் கூரைமேல் வைத்தோம்.

எங்கள் ஊரில் டிசம்பர் பிறந்தாலே வாசலில் நட்சத்திரம் தொங்க வேண்டும். என் அப்பா மூங்கில் சீவி, வண்ணத்தாள் ஒட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து செய்வார். எனக்கு அந்த இரண்டு நாள் கிடைப்பதில்லை. கடையில் வாங்கித் தொங்கவிடும்போதெல்லாம் ஏதோ கடன் பாக்கி இருப்பதுபோல நெஞ்சு உறுத்தும். இந்த ஆண்டு அது இல்லை.

பசை பற்றி ஒன்று. முதலில் தண்ணீர் மாதிரி இருக்கும் கோந்தைத் தடவினேன். காகிதம் ஊறிச் சுருங்கி, விரிக்கும்போது கிழிந்துவிட்டது. குளூ ஸ்டிக்தான் சரி. இல்லையென்றால் ஒரு கரண்டி மைதாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கிண்டிக் கெட்டியாக்கி, ஆறியபின் மெல்லியதாகத் தடவலாம்.

மதுரையிலிருந்து ஒரு தந்தை

நான் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடு சேர்கிறேன். எங்களுக்குக் கைகொடுத்தது தினசரி காலண்டர். கிழித்த தாள்களை அம்மா கணக்கு எழுதச் சேர்த்து வைத்திருப்பார். அவற்றை நீளவாக்கில் வெட்டி 24 வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து ஒட்டினோம். டிசம்பர் முதல் தேதியிலிருந்து நாளுக்கு ஒரு வளையம் கழற்ற வேண்டும். கடைசி வளையம் கழன்ற மறுநாள் கிறிஸ்துமஸ். சில வளையங்களில் ராகுகாலம் தெரியும், சிலவற்றில் அம்மாவின் பால் கணக்கு. மகன் அவற்றைத்தான் முதலில் தேடுகிறான். நான் வரும்வரை கழற்றாமல் காத்திருக்கிறான். அந்த ஒரு நிமிடத்துக்காகவே பஸ் நிறுத்தத்திலிருந்து வேகமாக நடக்கிறேன்.

ஹாம்பர்க் சகோதரிக்கு ஒரு கேள்வி: பண்டிகை முடிந்ததும் அந்த நட்சத்திரத்தை என்ன செய்வீர்கள்? தூக்கிப் போட மகன் விடமாட்டான்.

ஹாம்பர்க்கிலிருந்து

போட வேண்டாம் அண்ணா. முதல் பையையும் கடைசிப் பையையும் மட்டும் பசையால் ஒட்டாமல், இரண்டு பேப்பர் கிளிப்பால் பிணையுங்கள். ஜனவரியில் கிளிப்பைக் கழற்றினால் நட்சத்திரம் விசிறிபோல மடங்கி மறுபடி தட்டையாகிவிடும். போன ஆண்டு செய்தவற்றை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இந்த ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் முதல் வாரம், மகளே எடுத்து விரித்துச் சன்னலில் மாட்டினாள்.