ஃபைனல் இயர் ஆய்வுக்கட்டுரை, அத்தியாயம் எப்பிடிப் பிரிக்கிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

பரந்தன்_பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். நான் கலைப்பீடம், புவியியல், தமிழ் மீடியம். ரொப்பிக் இரணைமடுக் குளத்துச் சிறுபோகத் (கோடைகால நெற்செய்கை) தண்ணிப் பங்கீடு. வாய்க்கால் தொடக்கத்தில காணி இருக்கிற ஆக்களுக்கும் கடைசியில இருக்கிற ஆக்களுக்கும் தண்ணி கிடைக்கிறதில என்ன வித்தியாசம், ஏன் எண்டு பாக்கிறது. கேள்விக்கொத்து குடுத்து வாங்கியாச்சு, கமக்காரர் அமைப்பு ஆக்களோட இன்ரவியூ ஃபோனில ரெக்கோட் பண்ணி வச்சிருக்கிறன். தரவு எல்லாம் கையில கிடக்கு ஆனா எழுதத்தான் வருதில்லை. சீனியர் அக்கா ஒராளின்ர கட்டுரையில அறிமுகம், இலக்கிய மீளாய்வு (முந்தின ஆய்வுகளை அலசுறது), ஆய்வுப் பிரதேசம், முறையியல், பகுப்பாய்வு, முடிவு எண்டு போகுது, அதே ஓடரில போட்டா சரியோ? ஆய்வுப் பிரதேசத்துக்கு கிளிநொச்சி வரலாறு, மண், காலநிலை, சனத்தொகை எல்லாம் எழுதிக் குடுத்தனான், சூப்பர்வைசர் பக்கத்தில பென்சிலால "இது எந்தக் கேள்விக்கு?" எண்டு மட்டும் எழுதி விட்டவ. என்ன செய்யிறது எண்டு விளங்கேல்லை.

கனகராயன்

தங்கச்சி, உங்கட சூப்பர்வைசர் கேட்டது நல்ல கேள்வி, முழுக் கட்டுரைக்கும் அதைத்தான் கேக்கோணும். அந்த ஆறு அத்தியாயம் பிழையில்லை, பீடத்தின்ர கையேட்டில அப்பிடி இருந்தா அதை மாத்தவும் வேண்டாம். ஆனா தலைப்பு மட்டும் போட்டா கட்டுமானம் வராது. முதல்ல உங்கட ஆய்வு வினாக்களை ஒரு தாளில எழுதுங்கோ, மூண்டுக்கு மேல போகாதேங்கோ. உதாரணமா, தண்ணி எப்பிடிப் பங்கிடப்படுது, கடைசிக் காணிக்குப் போய்ச் சேருறது எவ்வளவு குறையுது, அதை அமைப்பு எப்பிடிச் சமாளிக்குது. இனி நீங்கள் எழுதின ஒவ்வொரு பந்தியையும் எடுத்து இது எந்த வினாவுக்கு எண்டு ஓரத்தில இலக்கம் போடுங்கோ, இலக்கம் போடேலாத பந்தி வெளியில போகோணும், எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதினதா இருந்தாலும்.

ஆய்வுப் பிரதேசத்தில இருக்க வேண்டியது இதுதான்: கனகராயன் ஆறு, குளம், இடதுகரை வலதுகரை வாய்க்கால், காலபோகத்துக்கு (மாரிகால நெற்செய்கை) மழையும் சேர்ந்து கைகுடுக்கும் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணிதான் எண்ட விசயம், அதால எல்லாக் காணிக்கும் காணாமல் கூட்டம் வச்சு எத்தினை ஏக்கர் செய்யிறது எண்டு தீர்மானிக்கிற முறை. கமக்காரர் அமைப்புக்கு சட்ட அடிப்படை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம், அது கட்டாயம் வேணும். மண் வகையைப் பற்றி எழுதுறதெண்டா தண்ணி உறிஞ்சிறதோட தொடர்பா எழுதுங்கோ, இல்லாட்டி விடுங்கோ.

இலக்கிய மீளாய்வில நிறையப் பிள்ளையள் "இன்னார் இந்த வருசம் இப்பிடிச் சொன்னார்" எண்டு ஒவ்வொராளா அடுக்கிக்கொண்டு போறவை, வாசிக்கிறவருக்கு ஒண்டும் மிஞ்சாது. ஆள் ஆளாப் பிரிக்காமல் விசயமாப் பிரியுங்கோ, வாய்க்கால் கடைசிப் பிரச்சினை பற்றி ஆர் ஆர் ஒத்துப்போகினம், ஆர் மறுக்கினம், வடக்கில ஆரும் பாக்காதது என்ன எண்டு. அந்த கடைசி வசனத்தில இருந்துதான் உங்கட ஆய்வு ஏன் தேவை எண்டது வரும்.

எழுதுற ஓடர் வேற, கட்டுரையில இருக்கிற ஓடர் வேற. முறையியலில தொடங்குங்கோ, நீங்கள் செய்ததைத்தானே எழுதப்போறியள், கை ஓடும். பிறகு ரேபிளுகளைப் போட்டு பகுப்பாய்வு, பிறகு மீளாய்வைத் திருத்துங்கோ, அறிமுகம் கடைசிக்கு முதல், ஆய்வுச் சுருக்கம் எல்லாத்துக்கும் கடைசி.

வவுனியாக்_குளக்கட்டு

அண்ணை சொன்னதோட ரெண்டு விசயம், ரெண்டும் வன்னியில ஆய்வு செய்யிற ஆக்களுக்கு முக்கியம்.

சனத்தொகைத் தரவு போடுறதெண்டா கவனம். 1981 குடிசன மதிப்பு நேரம் கிளிநொச்சி தனி மாவட்டம் இல்லை, யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ள இருந்தது, 1984இலதான் பிரிஞ்சது. 1991இல கணக்கெடுப்பே இல்லை, 2001இல கிளிநொச்சியில எடுக்கேல்லை. அப்ப 1981ஐயும் 2012ஐயும் பக்கத்தில பக்கத்தில போட்டு "வளர்ச்சி" எண்டு கோடு கீறினா வைவாவில (வாய்மொழிப் பரீட்சையில) முதல் கேள்வி அதுதான். அதே மாதிரி 2008 கடைசியில இருந்து சனம் இடம்பெயர்ந்ததால 2009 சிறுபோகத்துக்குத் தரவு தேடாதேங்கோ. அந்த இடைவெளியை முறையியலில "வரையறைகள்" எண்டு ஒரு பகுதி போட்டு நேரா எழுதுங்கோ, ஏன் தரவு இல்லை எண்டும் சேத்து. அது எங்கட சனத்துக்கு நடந்தது, ஒரு அடிக்குறிப்பில ஒளிச்சு வைக்கிற விசயம் இல்லை.

மற்றது இன்ரவியூ. பெயரை மாத்திறது காணாது. "வலதுகரை இன்ன வாய்க்கால் கமக்காரர் அமைப்புத் தலைவர்" எண்டு எழுதினா ஊரில எல்லாருக்கும் ஆள் ஆரெண்டு தெரியும், அவர் திணைக்களத்தைப் பற்றிக் குறை சொல்லியிருந்தா அடுத்த கூட்டத்தில அவருக்குத்தான் சிக்கல். "பங்குபற்றுநர் 7, வாய்க்கால் கடைசிப் பகுதி" எண்டு போடுங்கோ, பதவி வேண்டாம். அவை சொன்னதை அவையின்ர பேச்சிலேயே மேற்கோளாப் போடலாம், எழுத்துத் தமிழுக்கு மாத்தினா சொன்ன விதம் போயிடும், எங்கட சூப்பர்வைசர் அதை விரும்பினவர்.

பரந்தன்_பிள்ளை

ரெண்டு பேருக்கும் மிச்சம் நன்றி அண்ணையாக்கள். இலக்கம் போட்டுப் பாத்தன், ஆய்வுப் பிரதேசத்தில பாதிக்கு மேல வெளியில போகுது, இப்பதான் விளங்குது. இன்னும் ஒண்டு, கேள்விக்கொத்தின்ர ரேபிளுகளையும் இன்ரவியூவையும் தனித்தனி அத்தியாயமாப் போடுறதோ? பிறகு பெறுபேறும் கலந்துரையாடலும் ஒண்டா வேறயா?

கனகராயன்

தரவு வந்த வழியை வச்சுப் பிரிக்காதேங்கோ, வினாவை வச்சுப் பிரியுங்கோ. ரெண்டாவது வினாவுக்கு எத்தினை பேருக்கு கதிர் வாற நேரம் தண்ணி வரேல்லை எண்ட ரேபிள் முதல், அதுக்குக் கீழ உடனே "ராவில போய் காவல் நிண்டாத்தான் வரும்" மாதிரி ஆராவது சொன்னது இருந்தா அந்த மேற்கோள், பிறகு ரெண்டும் சேர்ந்து என்ன காட்டுது எண்டு உங்கட ஒரு பந்தி. இப்பிடி எழுதினா பெறுபேறும் கலந்துரையாடலும் ஒரே அத்தியாயத்துக்குள்ள வரும். கையேட்டில வேற வேற எண்டு இருந்தா மட்டும் பிரியுங்கோ, அப்ப பெறுபேற்றில கண்டதை மட்டும், முந்தின ஆய்வுகளோட ஒப்பிடுறது எல்லாம் கலந்துரையாடலுக்கு. முடிவில புதுத் தரவு ஒண்டும் வரக்கூடாது. கேள்விக்கொத்து பின்னிணைப்பில.

மாங்குளம்_அக்கா

வேர்டில அத்தியாயத் தலைப்புக்கெல்லாம் ஹெடிங் ஸ்டைல் இப்பவே குடுங்கோ பிள்ளை, பொருளடக்கம் தானா வரும், கடைசி இரவு பக்க இலக்கம் கையால திருத்தத் தேவையில்லை. முன் பக்கங்களுக்கு ரோமன் இலக்கம், முதலாம் அத்தியாயத்தில இருந்து 1. ரேபிளுக்குத் தலைப்பு மேல, படத்துக்குக் கீழ. பிரிண்ட் எடுக்கக் குடுக்க முதல் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போங்கோ, கொமினிகேசன் கடை கொம்பியூட்டரில உங்கட தமிழ் ஃபொண்ட் இல்லாட்டி எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியா வரும்.