இனிஷியல் மாறியதால் மூன்று பேரான ஒரு பேராசிரியை

கல்லூரி நூலகர்:

பதவி உயர்வு விண்ணப்பம் வரும் மாதத்தில் எங்கள் நூலகத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். "சார், என் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு காட்டுது, ஒரு பிரின்ட் எடுத்துக் குடுங்க" என்று வரிசையில் நிற்பார்கள். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் முன்வைத்த கணக்கு அது. உங்கள் கட்டுரைகளில் 10 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 10 முறை மற்ற கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தால் உங்கள் எண் 10. அது 11 ஆக வேண்டுமென்றால் 11 கட்டுரைகளுக்குத் தலா 11 மேற்கோள் வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் வேதியியல் துறை மேடம் ஒருவர் வந்தார். ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் பதிந்து வைக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் அவர் பெயரைப் போட்டால் 6 என்று வந்தது. "பதினாறு வருஷமா லேப்ல நிக்கிறேன் சார், ஆறுதானா?" என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் நம்ப முடியவில்லை. அவருடைய பிஎச்.டி காலக் கட்டுரைகளைக் கேட்டு வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது.

மதியம் முழுக்கத் தேடினோம். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்பு கணவர் இனிஷியல். கணினிக்கு அவர்கள் இரண்டு பெண்கள். போதாததற்கு, ஜப்பான் ஆய்வுக்குழு ஒன்றோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகளில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அப்பாவின் முழுப் பெயரைப் போட்டுவிட்டார்கள். அங்கே மூன்றாவதாக ஒருவர். அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எல்லாம் பழைய பெயரில் கிடந்தன.

மூன்றையும் ஒன்றாக்கக் கோரிக்கை அனுப்பினோம். அவர்கள் திருத்தி முடிக்கச் சில வாரங்கள் ஆயின. எண் 11 ஆனது. ஆனால் அந்த வருட நேர்காணல் அதற்குள் முடிந்திருந்தது. விண்ணப்பத்தைப் பார்த்தவர்களில் ஒருவராவது அவருடைய ஒரு கட்டுரையைத் திறந்து படித்திருந்தால் இந்த 6-க்கும் 11-க்கும் வேலையே இருந்திருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. புதிய இனிஷியலில் எழுதும்போது அவர் தன் பழைய கட்டுரைகளைச் சுட்டினால், கணினி அதை வேறொருவர் தந்த மேற்கோளாக எண்ணியிருக்கிறது. பெயர்கள் சேர்ந்ததும் அவை சுய மேற்கோள் கணக்குக்குப் போய்விட்டன. மேடமே அதைக் கவனித்து, அடுத்த வருட விண்ணப்பத்தில் சுய மேற்கோளைச் சேர்த்து வரும் எண், சேர்க்காமல் வரும் எண் இரண்டையும் தனித்தனியாக எழுதினார்.

ஆய்வாளர்களுக்கு ஆர்க்கிட் (ORCID) என்று, பெயர் மாறினாலும் மாறாத 16 இலக்க அடையாள எண் 2012-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே அதை வாங்கிவிடுங்கள். இனிஷியல் வைத்து எழுதும் நமக்கு அது ரொம்ப அவசியம்.

புரத அமைப்பு ஆய்வாளர்:

எண்ணில் வராமலே போகும் வேலையும் உண்டு. புரதத்தின் முப்பரிமாண அமைப்பைக் கண்டுபிடிக்கும் யாரும் அது சரிதானா என்று பார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வந்தது அது. என் முதல் கட்டுரையில் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டேன், மேற்கோள் பட்டியலில் மூலக் கட்டுரையைச் சேர்க்கவில்லை. பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் தெரியுமே என்று நினைத்தேன். என் நெறியாளர்தான் கேட்டார்: "நீ அந்தக் கட்டுரையைப் படிச்சிருக்கியாம்மா?"

படித்ததில்லை. அன்று இரவே எடுத்துப் படித்தேன், ஐந்தே பக்கம். அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும் என்ற ஒரே கேள்வி. மற்ற இருவரின் பெயரையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து வரைபடம் வருகிற ஒவ்வொரு கட்டுரையிலும் மூவரையும் சுட்டுகிறேன்.

துகள் இயற்பியல் படித்தவர்:

எங்கள் பக்கம் கதை தலைகீழ். ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-ல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்ப் பட்டியலும் அவரவர் நிறுவனமும்தான். அதற்கு வரும் மேற்கோள் அத்தனை பேர் கணக்கிலும் ஏறும். இப்படியொரு பெரிய கூட்டு ஆய்வில் இருந்த என் நண்பர் வேலைக்குப் போனபோது, அவருடைய மேற்கோள் எண்ணைப் பார்த்த பேராசிரியர் தாளை மூடி வைத்துவிட்டு, "இதுல நீங்க கையால செஞ்சது எது?" என்று கேட்டாராம். நண்பர் தான் இரவு ஷிப்டில் சரிபார்த்த ஒரு சின்ன உணர்கருவியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். வேலை கிடைத்தது.

கல்லூரி நூலகர்:

அப்படிக் கேட்கிற ஆள் எங்கள் நேர்காணலில் இருந்திருக்க வேண்டும். மேடத்துக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு வந்தது. வங்கிக் கணக்கில் கணவர் இனிஷியல் அப்படியே இருக்கிறது, கட்டுரைகளுக்கு மட்டும் அப்பா இனிஷியலுக்கே திரும்பிவிட்டார்.