குளிர்நாட்டில் மகளின் தோல் வெடிக்கிறது: இங்கிருந்து என்ன அனுப்பலாம்?

கேள்வி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய்

வணக்கம். என் மகள் சென்ற செப்டம்பரில் மேற்படிப்புக்காக மான்செஸ்டருக்குச் சென்றாள். பிறந்தது முதல் இந்தத் தோட்டப்புறத்துப் புழுக்கத்திலேயே வளர்ந்தவள் என்பதால், குளிரைத் தாங்குவாளா என்றுதான் கவலைப்பட்டேனே தவிர, தோலைப் பற்றி நினைக்கவே இல்லை. டிசம்பர் பிறந்ததும் அவளுடைய கால்கள் முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்ததுபோல் வெளுத்து, செதில் செதிலாக உரியத் தொடங்கின. நேற்றுக் காணொளி அழைப்பில் கையைக் காட்டினாள். விரல் முட்டிகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள். அவற்றுள் ஒன்றில் இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. கம்பளிக் கையுறையைக் கழற்றும்போதெல்லாம் நூல் அதில் மாட்டி இழுக்கிறதாம்.

புறப்படும்போது தேங்காய் எண்ணெய் ஒரு போத்தலும், பயற்றமாவும், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய்த் தூளும் கொடுத்தனுப்பினேன். இங்கே இருந்த பழக்கப்படியே காலை மாலை இரு வேளையும் குளிக்கிறாள், அங்கே சுடுநீரில். என் காலுக்கு அரசு கிளினிக்கில் கொடுத்த அக்குவஸ் கிரீம் என்னும் தோல் வறட்சிக் களிம்பு இரண்டு டப்பா திறக்காமல் இருக்கிறது. அதை அனுப்பலாமா?

மறுமொழி 1: தோட்ட மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

சகோதரி, அந்த டப்பாக்களை அனுப்ப வேண்டாம். அக்குவஸ் கிரீமில் பெரும்பாலும் சோடியம் லாரில் சல்பேட் என்னும் நுரைப்பொருள் கலந்திருக்கும். சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிடலாம். தோலில் ஊறவிட்டால் சிலருக்கு எரிச்சல் கூடும். 2013ஆம் ஆண்டில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இதைக் குறித்து எச்சரித்தது.

உங்கள் மகளின் தோலில் குறையில்லை, காற்றுதான் மாறியிருக்கிறது. 0 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 பாகையில் 17 கிராம் வரை தாங்கும். வெளிக்குளிர்காற்று அறைக்குள் வந்து ஹீட்டரால் சூடாகும்போது அதிலுள்ள ஈரம் கூடுவதில்லை, ஈரத்துக்கான தாகந்தான் கூடுகிறது. வேறு ஈரம் சேராவிட்டால் ஈரப்பதம் 30 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். அந்தக் காற்று தன் பங்கைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மேல்தோலின் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்புகள் சுண்ணாம்புச் சாந்துபோல் நிறைந்திருந்து ஈரத்தைக் காக்கின்றன. சுடுநீரும் சோப்பும் சீயக்காயும் கரைப்பது அந்தச் சாந்தைத்தான். நம் குளியல் முறையே வேர்வையையும் பிசுக்கையும் போக்குவதற்காக ஏற்பட்டது. பிசுக்கே ஊறாத ஊரில் அதே முறையைக் கடைப்பிடித்தால் தோல் எதைக் கொண்டு தாங்கும்?

எனவே ஒரு வேளைக் குளியல், வெதுவெதுப்பான நீர், 10 நிமிடத்துக்கு மேற்படாமல் போதும். சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் உலருமுன் மூன்று நிமிடத்துக்குள் களிம்பு பூச வேண்டும். எந்தக் களிம்பு என்பதைவிட எப்போது பூசுகிறாள் என்பதே முக்கியம். இரவில் விரல்களுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி பூசிப் பருத்திக் கையுறை அணிந்து படுக்கட்டும். 1872இல் காப்புரிமை பெற்ற பழைய பொருள்தான். தோட்டத்தில் பித்தவெடிப்போடு வந்தவர்களுக்கெல்லாம் நான் இதைத்தான் கொடுத்தேன். காலுக்கு 5 அல்லது 10 விழுக்காடு யூரியா கலந்த கிரீம் நன்று. வெடித்த விரலில் அது சுள்ளென்று எரியும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: இத்தகைய களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். பூசை விளக்கேற்றும்போது கையுறையோடு போகக் கூடாது.

காலில் வற்றிய குளத்து மண்போல் வெடிப்புகள் சிவந்து தோன்றினாலோ, நீர் வடிந்தாலோ, அரிப்பால் தூக்கம் கெட்டாலோ மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2: கிளாஸ்கோவில் நான்கு குளிர்காலம் கழித்தவர்

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய்ப் போத்தலில் அது மெழுகாக நின்றுவிட, சாத்தே குச்சியை விட்டுக் கிளறிக்கொண்டிருந்த காலைகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அடுத்த முறை அகன்ற வாய்ப் புட்டியில் அனுப்புங்கள். உள்ளங்கையில் வைத்தாலே உருகிவிடும், ஈரத்தோலில் பூசலாம். அங்கே மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆலிவ் எண்ணெய்க்கு மாற வேண்டாம். அதில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் தோலின் காப்பைத் தளர்த்தக்கூடியது. பாத்திரம் கழுவ ரப்பர் கையுறை, கம்பளிக்கு உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, இவ்விரண்டும் எனக்குப் பாதி வேதனையைக் குறைத்தன. ஹீட்டரின் மேல் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதால் பெரிய பயனை நான் கண்டதில்லை. ஹீட்டரைச் சற்றுக் குறைப்பதே மேல்.

மறுமொழி 3: ஈப்போவிலிருந்து

எண்ணெய்க் குளியலை விட்டுவிடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாள் முழுதும் குளிரூட்டிய தொழிற்சாலையில் வேலை செய்யும் எனக்கும் இதே வறட்சி உண்டு. வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகுதான் தோல் அடங்குகிறது.

மறுமொழி 1 எழுதியவர்

எண்ணெயை நான் குறை சொல்லவில்லை, தம்பி. அதைத் தேய்த்த பின் சீயக்காய் போட்டு வழித்தெடுப்பதைத்தான் சொன்னேன். தலைக்குச் சீயக்காய் இருக்கட்டும். உடம்புக்கு வெறும் வெதுவெதுப்பான நீரோடு நிறுத்திப் பாருங்கள். வேலை முடிந்து நீங்கள் புழுக்கத்துக்குத் திரும்பிவிடுகிறீர்கள். அந்தப் பிள்ளை ஒரு ஹீட்டரிலிருந்து இன்னொரு ஹீட்டருக்குத்தான் போகிறாள்.

கேள்வி கேட்ட தாய்

மூவருக்கும் நன்றி. இரவே அழைத்துச் சொல்லிவிட்டேன். இரு வேளைக் குளியலை விடுவதற்குத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. மாலையில் கைகால் முகம் மட்டும் கழுவிக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள். பயற்றமாவை என்ன செய்வது என்று கேட்டாள். எதுவும் கலக்காமல் அரைத்த மாவுதான்; வறுத்துச் சர்க்கரை சேர்த்து உருண்டை பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.