வெள்ளாற்று முகத்துவாரம்: மழை தொடங்கியதிலிருந்து கொடுவா கடிக்கவே இல்லை, உதவுங்கள்

சிதம்பரம் தூண்டில்
ஞாயிறுதோறும் பரங்கிப்பேட்டைக்குப் போய் வெள்ளாற்றங்கரையில் தூண்டில் போடுகிறேன். காலை 6 மணிக்கு இறங்கினால் 9 மணிக்குக் கிளம்பிவிடுவேன். 8 அடி ராட், உயிர் இறால், இல்லையென்றால் 4 அங்குல வெள்ளி நிற லூர் (செயற்கை இரை). ஆகஸ்ட், செப்டம்பரில் ஒன்றரை, இரண்டு கிலோ கொடுவா கிடைத்தது. அப்போதும் ஒரு வாரம் கிடைத்தால் மறுவாரம் வெறுங்கைதான், ராசி என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து மூன்று ஞாயிறாக ஒன்றுமே இல்லை. கெளுத்தி மட்டும் இறாலைத் தின்றுவிட்டுப் போகிறது. தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிறது. கடந்த வாரம் முழுக்க நல்ல வெயில், அப்படியும் தெளியவில்லை. போனில் உள்ள ஆப் வேறு, காற்றழுத்தம் இறங்குகிறது, மீன் நன்றாகக் கடிக்கும் என்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

கரைவலை வீட்டுப் பிள்ளை
தம்பி, இங்க வெயில் அடிச்சா ஆத்துக்கு என்ன? மேல சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுல ஷட்டர தூக்கினா ரெண்டு மூணு நாளைக்குப் புதுத்தண்ணி வந்துகிட்டேதான் இருக்கும். வீராணத்து உபரித் தண்ணியும் அதுல சேரும். நம்ம ஊர் வானத்தப் பாத்துட்டு வந்தா ஏமாந்துதான் போவ.

நீ எந்த இடத்துல போடுற? பாலத்துப் பக்கமா, முகத்துவாரத்துக்கிட்டயா? புதுத்தண்ணி வந்தா உப்புத்தண்ணி மீனெல்லாம் கீழ இறங்கிடும். கிழங்கான் மீனுதான் முதல்ல காணாம போகும். எங்கப்பா இந்த மாசத்துல ஆத்துக்குள்ள வலையே போடமாட்டாரு, வாய்க்கிட்டதான் நிப்பாரு.

சிதம்பரம் தூண்டில்
பாலத்துப் பக்கம்தான் அண்ணா. மழைக்கு முன்னால் கிடைத்த அதே இடம்.

கிள்ளை இறால் குட்டை
அண்ணன் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். கொடுவா நன்னீரிலும் வாழும் மீன், உப்புக் குறைந்ததற்காக மட்டும் அது ஓடாது. ஓடுவது அதன் இரை. இறாலும் சின்ன மடவையும் வெள்ளத்தோடு கீழே தள்ளப்படும்போது கொடுவாவும் பின்னாலேயே போகும்.

இன்னொன்று, கடல் நீர் நன்னீரைவிடக் கனம். வெள்ளம் மிதமாக இருந்தால் இரண்டும் உடனே கலக்காது. மேலே சேற்றுத் தண்ணீர் கடலை நோக்கி ஓடும், அடியில் உப்புத்தண்ணீர் ஆப்பு மாதிரி ஆற்றுக்குள் நுழைந்து கிடக்கும். ஒரு பாட்டிலில் கல் கட்டி, தக்கையில் தனிக் கயிறு போட்டு அடியில் இறக்குங்கள். தரையைத் தொட்டதும் தக்கையை இழுத்தால் அடித்தண்ணீர் கிடைக்கும். குட்டைக்காரர்களிடம் உள்ள உப்பு அளக்கும் மீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மேலே ஆயிரத்துக்கு 5, அடியில் 20 பங்கு உப்பு என்று வந்தால் தூண்டில் அடியில் இருக்க வேண்டும். தக்கை போட்டு மேல்மட்டத்தில் இறாலைத் தொங்கவிடாதீர்கள். பெருவெள்ளம் என்றால் இந்த ஆப்பையும் வெளியே தள்ளிவிடும், அப்போது போகாமல் இருப்பதே நல்லது.

வெள்ளி லூரைப் பெட்டியில் வையுங்கள். டீத்தண்ணீரில் அதன் மினுக்கம் தெரியாது. கொடுவாவின் பக்கக்கோடு தண்ணீரின் அதிர்வை உணரும். உள்ளே குண்டு உருண்டு சத்தம் போடும் கறுப்பு லூரை மெதுவாக இழுங்கள்.

ஏத்தம் வத்தம்
மழையை விடுங்கள், "ஒரு வாரம் கிடைத்தால் மறுவாரம் வெறுங்கை" என்றீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அது ராசி இல்லை.

ஏற்றம் (கடல் நீர் ஏறி உச்சிக்கு வருவது) தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏழு நாளில் 5 மணி 50 நிமிடம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வத்தத்துக்கும் (நீர் இறங்கி அடிமட்டத்துக்கு வருவது) நடுவே சுமார் 6 மணி 12 நிமிடம்தான். அதாவது இந்த ஞாயிறு காலை தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால், அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். அதோடு அமாவாசை, பௌர்ணமி முடிந்து ஓரிரு நாளில் ஓட்டம் பலமாக இருக்கும். ஒரு வாரம் கழித்து அட்டமி வாக்கில் தண்ணீர் சோம்பிக் கிடக்கும். நீங்கள் மணி மாறாமல் போகிறீர்கள், ஆறு வாராவாரம் மாறுகிறது. மீன் பிடித்த தேதிகளைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்னல் பயம்
காற்றழுத்தம் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் பகுதியில் வானம் தெளிவாக இருந்தாலும் காலை 10 மணியிலிருந்து மாலை 4 வரை அழுத்தம் 3, 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கி, இரவு 10க்குள் மறுபடி ஏறும். இது தினமும் நடப்பது. குளிர்நாட்டு ஏரிகளுக்கு எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு அந்த ஆப் இதையும் "இறங்குகிறது" என்று காட்டும். தண்ணீருக்குள் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஒரு சென்டிமீட்டர் ஆழம்தான். மீன் ஒரு சாண் மேலே வந்தாலே அதைவிடப் பெரிய மாற்றத்தைப் பார்த்துவிடும். புயல் நெருங்கும்போது மீன் நடத்தை மாறுவது உண்மை. ஆனால் அப்போது காற்று, அலை, வெளிச்சம், வெள்ளம் எல்லாமே சேர்ந்து மாறுகின்றன.

இடி சத்தம் கேட்டால் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு உடனே கட்டடத்துக்குள் போங்கள். கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும். வெட்டவெளிக் கரையில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்பது உயிருக்கு ஆபத்து. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சிதம்பரம் தூண்டில்
நோட்டை எடுத்துப் பார்த்தேன். கொடுவா கிடைத்த ஐந்து ஞாயிறில் நான்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தவை. வெறுங்கையோடு திரும்பியவை பெரும்பாலும் அட்டமிப் பக்கம். இரண்டு மாதம் எழுதி வைத்தும் இது கண்ணில் படவில்லையே.

கரைவலை வீட்டுப் பிள்ளை
அப்ப வர்ற அமாவாசை முடிஞ்சு மறுநாள் வா. ஏத்தம் நின்னு தண்ணி திரும்புற நேரத்துல, சதுப்புக் காட்டு ஓடை ஆத்துல விழுற இடத்துல நில்லு. வத்தம் ஓடும்போது ஓடைக்குள்ள இருக்குற இறாலெல்லாம் வெளிய வரும், கொடுவா அந்த வாயிலதான் காத்துக்கிட்டு கிடக்கும். கலங்கலும் தெளிவும் சேர்ற இடத்துல நுரை கோடு போட்ட மாதிரி தெரியும். அந்தக் கோட்டுக்குத் தெளிஞ்ச பக்கமா போடு. வாடை பலமா அடிச்சா வராத, அன்னிக்கு வாய்க்கிட்ட அலை கரையவே அரிக்கும்.

சிதம்பரம் தூண்டில்
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தடியில் மீட்டர் மேலே 3, அடியில் 17 காட்டியது. ஓடை வாயில் முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. தண்ணீர் திரும்பி வேகம் பிடித்ததும் கறுப்பு லூரில் ஒரு கொடுவா, ஒன்றே முக்கால் கிலோ. அரை மணி கழித்து அடியில் இறக்கிய இறாலுக்கு இன்னொன்று கடித்தது, கரைக்கு வருமுன் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஓடை வாயில் சிப்பி ஒட்டிய வேர்கள் நிறைய. அங்கே கொக்கிக்கு முன்னால் லீடர் (தடித்த முனை நரம்பு) என்ன கனத்தில் கட்டுகிறீர்கள் அண்ணா?

கரைவலை வீட்டுப் பிள்ளை
40 பவுண்டுக்குக் குறையாம கட்டு, ஒன்றரை முழம் நீளம் வை. கடிச்சதும் வேருக்குள்ள ஓட விடாத, ராட சாய்ச்சுப் புடிச்சு ஆத்துப் பக்கம் திருப்பு.